சிங்க முகச் சோபாவும் ஓர் உபகாரச் சம்பளமும்

1

இந்தத் தீபாவளிக்கு என் மச்சான் குணசேகரன் வீட்டுக்கு விருந்துக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். அவரும் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அலோர் காஜாவில் டயர் கடை, கடைக்குப் பின்னால் லாரிகள், வீட்டு வாசலில் மூன்று கார்கள் என்று வாழ்கிற மனிதர், கோயில் மண்டபத்திலிருந்து இரவல் வாங்கி வந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு முறுக்கு நீட்டினார்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் மலேசியாவில் டயர் வியாபாரம் படுத்துவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம். டயர்கள் நன்றாகவே உருள்கின்றன. அவர் வீட்டுச் சோபாதான் உருண்டு போய்விட்டது. அது போன கதையைச் சொல்வதற்கு முன், நான் எப்படி இங்கே உருண்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மலாக்கா டவுனில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கெழுத வந்தவன் நான். மூன்றே வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். மச்சானின் தங்கை மல்லிகா கடைக்குப் புடவை எடுக்க வந்தாள். புடவை எதுவும் பிடிக்காமல் என்னை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குத் துணியின் தரம் பார்க்கத் தெரியாது என்பதற்கு அன்றிலிருந்து நானே சாட்சி.

இப்போது அலோர் காஜாவில் அரசாங்க அலுவலகங்களுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை. என்னைப் போல நிரந்தரமாகத் தங்கிக்கொள்ள மட்டும் அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. சாலை விளக்கில் சிவப்பு என்றால் நிற்க வேண்டும் அல்லவா, நானும் நிற்கிறேன். குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் கவுண்டரில் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மா சிரித்தபடி "துங்கு" என்பார். காத்திரு என்று அர்த்தம். மலாயில் எனக்கு முதலில் பாடமான சொல் அதுதான், இன்றுவரை அதிகம் பயன்படுவதும் அதுதான்.

2

இந்த வருஷம் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த சமயத்தில் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். மாநில அரசு, கல்லூரிப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் தருகிறது. நம் ஊரில் உதவித்தொகை என்பதை இங்கே இன்னும் உபகாரச் சம்பளம் என்றே சொல்கிறார்கள், கேட்கும்போதே கைகூப்பத் தோன்றும். எங்கள் வட்டாரத்து இந்திய மாணவர்களில் ஒருவரைப் பரிந்துரைக்கச் சொல்லியிருந்தார்கள். இருவரை அல்ல, ஒருவரை.

யாருக்குக் கொடுக்கலாம் என்று கோயில் தலைவரான மச்சான் சபையைக் கேட்டார். அப்போது எழுந்த விவாதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மார்க்கு ஒன்றே அளவுகோல் என்று ஒருவர் முழங்கினார். அவர் மகளுக்கு வாரத்தில் எல்லா நாளும் டியூஷன். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத்தான் தர வேண்டும் என்று இன்னொருவர் கண் கலங்கினார். அவர் தோட்டத்தை விட்டு வந்து மாடி வீடு கட்டியாகிவிட்டது, விலாசத்தில் மட்டும் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனித்து வாழும் தாய்மாருக்கு முன்னுரிமை என்றார் ஓர் அம்மா. அவர் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், சனிக்கிழமை வந்துவிடுவார். அதைச் சொல்லிக் காட்டியபோது, மிச்ச நாளெல்லாம் தான் தனித்துத்தான் வாழ்வதாக அந்த அம்மா பதில் சொன்னார். தஞ்சோங் கிளிங்கிலிருந்து வந்திருந்த ஒருவர், கடலோரத்தில் இருப்பதே ஒரு பின்தங்கிய நிலைதான் என்றார். அவர் வீட்டுக்குப் பக்கத்து வீடு ஹோட்டல்.

துணிக்கடையில் இருந்தவன் என்பதால் எனக்கு உடனே புரிந்தது. ஒவ்வொருவரும் தன் பிள்ளையை நிறுத்தி வைத்து அளவெடுத்து, அந்த அளவுக்கு ஒரு கொள்கையைத் தைத்துக்கொண்டு வந்திருந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றுபோகுமோ அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். பெரிய தத்துவம் சொல்லிவிட்ட மாதிரி உட்கார்ந்தேன். அடுத்த நிமிடம் அத்தனை பேரும் தங்கள் வீட்டில் படிப்பு உறுதியாக நின்றுபோகும் என்று சத்தியம் செய்யத் தொடங்கினார்கள்.

இதை எழுதும்போது நம் கிராம நிர்வாக அதிகாரியை நினைத்துக்கொள்கிறேன். நான் கல்லூரிக்குப் போன காலத்தில் வருமானச் சான்றிதழ் கேட்டு யார் போனாலும், மிராசுதாராக இருந்தாலும் மாடு மேய்க்கிறவராக இருந்தாலும், அவர் ஒரே தொகையைத்தான் எழுதுவார். அந்தத் தொகையில் ஒரு குடும்பம் ஒரு மாதம்கூட உயிரோடு இருக்க முடியாது. காகிதத்தின்படி எங்கள் ஊரே பட்டினியில் செத்து, செத்த பிறகு கல்லூரிக்குப் போனது. அந்த மனிதரைக் கேலி செய்திருக்கிறேன். மண்டபத்தில் அன்று உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் எவ்வளவு பெரிய சமதர்மவாதி என்று தெரிந்தது.

கடைசியில் மூன்று பேர் கொண்ட பரிந்துரைக் குழு அமைந்தது. தலைவர் மச்சான். அவர் மகன் தினேஷும் மனுப் போட்டிருப்பதால், அவன் பெயர் வரும்போது மட்டும் வெளியே போய் நின்றுகொள்வார். இரண்டாவது, மஸ்ஜித் தானா என்ற பக்கத்து ஊரில் இருக்கும், ஓய்வு பெற்ற ராஜேஸ்வரி டீச்சர். அலோர் காஜாவில் யாரையும் தெரியாது, பார்த்ததை மட்டும்தான் எழுதுவார் என்று பெயர். மூன்றாவது நான். எனக்குக் கட்சி இல்லை, ஓட்டு இல்லை, என் மகள் யாழினி கல்லூரிக்குப் போக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. ஆகவே மூன்று வருஷத்துக்கு நான் யோக்கியன் என்று சபை ஏற்றுக்கொண்டது. "நம்ம மாப்ளதானே," என்று மச்சானும் ஏற்றுக்கொண்டார். அவர் ஏற்றுக்கொண்ட காரணம் வேறு.

3

வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் யார் ஏழை என்று தெரிந்துவிடும் என்பது டீச்சரின் யோசனை. நல்ல யோசனைதான். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று ஒரு வாரம் முன்னதாகவே அறிவித்ததுதான் கோளாறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் திடல் முழுக்கக் கார்கள். வீட்டில் நிறுத்தினால் குழு பார்த்துவிடும் என்று எல்லாரும் கொண்டுவந்து அங்கே விட்டிருந்தார்கள். இன்றைக்கு என்ன விசேஷம் என்று தெரியாமல் ஐயர் பதறிப்போய்ப் பொங்கலைக் கூடுதலாக வைத்துவிட்டார். உள்ளே வந்து பார்த்தால் பக்தர் என்று ஒருவரும் இல்லை.

வீடுகளில் டி.வி. இருந்த இடத்தில் சாமிப் படம் இருந்தது. கழுத்தில் தாலிக்கொடிக்குப் பதில் மஞ்சள் கயிறு. எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஆட்களுக்கு நகையை ஒளிக்கத் தெரிகிறது, உபசாரத்தை ஒளிக்கத் தெரிவதில்லை. வந்தவர்கள் பசியாறாமல் போகக் கூடாது. ஒரு வீட்டில் அந்த அம்மா, சில நாள் அடுப்பே எரிவதில்லை என்று அழுதுகொண்டே எங்கள் தட்டில் இறால் சம்பலை வைத்தார். டீச்சர் வேண்டாமென்று கையை மறைத்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "சும்மா சாப்புடுங்க டீச்சர், உள்ள ஆட்டுப் பெரட்டலும் இருக்கு லா," என்றார். அந்தப் பெயர் அந்த இறாலோடு போயிற்று. இன்னும் சில பெயர்கள் கோழியோடும் கணவாயோடும் போயின.

மச்சான் வீட்டு முறை வந்தது. அவர் நடுநிலை காத்து வெளிக்கேட்டுக்கு அப்பால் வெயிலில் நின்றார். சம்பளச் சீட்டின்படி அவர் அந்தக் கடையில் வெறும் மேனேஜர், முதலாளி அவர் மனைவி. தன் கடையிலேயே குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பாவப்பட்ட மனிதர். அந்தச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்தவன் நான்தான், அதனால் அவர் கஷ்டம் எனக்கு முன்பே தெரியும்.

கூடம் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. நான் கல்யாணமான முதல் தீபாவளியிலிருந்து உட்கார்ந்து வந்த சோபாவைக் காணோம். சிவப்பு வெல்வெட்டு, கைப்பிடி ஒவ்வொன்றிலும் மரத்தில் செதுக்கிய சிங்க முகம். ஒரு தீபாவளியன்று நான் எழுந்திருக்க முயன்று ஊன்றியதில் ஒரு சிங்கத்துக்குக் காது போய்விட்டது. அக்கா, அதாவது மச்சானின் மனைவி, இன்றுவரை அதை எனக்கு மன்னிக்கவில்லை. இப்போது சோபா இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

உட்கார ஒன்றும் இல்லையா என்று டீச்சர் கேட்டார். "எங்க டீச்சர், அதுக்கெல்லாம் எங்களுக்கு ஏது வசதி," என்றார் அக்கா. என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. டீச்சர் நின்றபடியே குறித்துக்கொண்டார்.

4

கடைசி வீடு ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளில், அதாவது லயத்தில். இப்போது அந்த லயத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான், மற்றவை வங்காளதேசத்துத் தொழிலாளர்களின் அறைகள். அங்கே முருகேசன், பார்வதி, அவர்கள் மகள் ஹேமலதா. பார்வதி தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறார். முருகேசன் மச்சானின் கடையில் டயர் மாட்டுகிறவர், லாரியும் ஓட்டுவார். ஹேமலதாவுக்கு ரேடியோகிராபி படிக்க இடம் கிடைத்திருந்தது. எக்ஸ்ரே எடுக்கிற படிப்பு. பணம் கட்ட வழியில்லை. மற்ற வீடுகளில் உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் கார் மாற்றுவது தள்ளிப்போகும். இந்த வீட்டில் கிடைக்காவிட்டால் அந்தப் பெண் அம்மாவோடு நாற்றுப் பண்ணைக்குப் போவாள். அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, வாசலில் அவளுக்கும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தயாராக இருந்தது.

கதவைத் திறந்ததும் சிங்கம் என்னைப் பார்த்தது.

காது போன சிங்கம். சோபா, உள்ளே இருப்பது தெரிகிற கனமான பிளாஸ்டிக் உறை போட்டு, கயிற்றால் கட்டி, அந்தச் சின்ன அறையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளறைக்குப் போகிற வழியே மறைந்துவிட்டது. பார்வதி எங்களை அதில் உட்கார வைத்துவிட்டு, வெளியே போய் வீட்டைச் சுற்றிப் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்து, அதே வழியாக மைலோ கலந்து கொண்டுவந்து கொடுத்தார். அவர் உட்காரவில்லை. ஹேமலதா சோபாவுக்கு முன்னால் தரையில் பாய் போட்டுப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் உறையைத் தடவிப் பார்த்தார். "புது சோபாவாம்மா? கவர்கூட பிரிக்கல."

பார்வதி வாசலைப் பார்த்தார். வாசலில் மச்சான், வாழ்க்கையில் முதல் முறையாகச் செம்பனை மரத்தைப் பார்க்கிறவர் போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தரமா வெச்சிருக்கோம் டீச்சர்," என்றார் பார்வதி.

ஹேமலதா வாயைத் திறந்தாள். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். கணவரின் சம்பளம் மச்சான் கையில். டீச்சர் எழுதினார். என் இடுப்புக்குக் கீழே அந்தப் பழைய பள்ளம், நானே பல தீபாவளிகளில் வடையும் பாயசமும் சேர்த்துத் தோண்டிய பள்ளம், உறையையும் மீறி என்னை அடையாளம் கண்டுகொண்டது.

திரும்பும்போது டீச்சர் முன்னால் நடக்க, மச்சான் என் காதருகே வந்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது மாப்ள. ஒங்க அக்காதான் முருகேசன்கிட்ட, சோபாவ லோரில ஏத்தி எங்கயாச்சும் பத்தரமா வெய்யின்னு சொல்லிருக்கா. அந்தப் பய நேரா தன் வீட்டுல கொண்டாந்து வெச்சிட்டான்."

"ஒங்க வீட்டு பணத்த ஒளிக்கப் போயி அவங்க வீட்டு ஏழ்மைய ஒளிச்சிட்டீங்களே மச்சான்," என்றேன். மச்சான் நல்ல மனிதர்தான். தைப்பூசத்தில் ஊருக்கே சோறு போடுவார். ஒரே ஓர் இடம் என்று அறிவித்தால் மட்டும் அவருக்கு என்னவோ ஆகிவிடுகிறது. பத்து இடம் கொடுத்திருந்தால் அவர் பணக்காரராகவே இருந்திருப்பார். கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, நாங்கள் எவ்வளவு அழகாக ஏழையாகிறோம் என்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

5

முடிவு செய்யும் கூட்டத்துக்குக் கிளம்பும்போது என் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. அண்ணனைக் காட்டிக்கொடுத்தால் அடுத்த தீபாவளிக்கு எங்கே போய் உட்காருவீர்கள் என்று மல்லிகா கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே சொந்தம் மச்சான் குடும்பம்தான். சிவப்பு அட்டைக்காரனின் குடியுரிமை மனுவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவரும் அவரே.

யாழினி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சொல்லிடுங்க லா அப்பா. மாமா சோபான்னு. வாட் இஸ் த ப்ராப்ளம்?" அவள் தமிழ் எப்போதும் பாதி வழியிலேயே பஸ் மாறிவிடும். அன்று மட்டும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்விட்டது. நான் செருப்பைத் தேடுவதாகப் பாவனை செய்து வெளியே வந்தேன்.

மண்டபத்து அறையில் இரண்டே பெயர்கள் மிஞ்சியிருந்தன, தினேஷ், ஹேமலதா. மார்க்கில் பெரிய வித்தியாசம் இல்லை. தினேஷ் பற்றிப் பேசும்போது மச்சான் விதிப்படி வெளியே போனார். டீச்சர் தன் குறிப்பை வாசித்தார். பார்த்ததை எழுதுகிறவர் அல்லவா, குணசேகரன் வீட்டில் உட்கார இருக்கை கிடையாது, முருகேசன் வீட்டில் விலை உயர்ந்த புதுச் சோபா இருக்கிறது. இரண்டும் கண்ணால் கண்ட உண்மை.

பிறகு ஹேமலதாவைப் பற்றிக் கேட்க மச்சானை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"முருகேசன் நம்ம கடையில வேல செய்யிறவன்தான். அதுக்காக ஞாயத்த விட முடியாது. சோபாவ நானும் பாத்தேன்."

அதுவரை நான் வாயைத் திறப்பதாக இல்லை. முறுக்கு, சாட்சிக் கையெழுத்து எல்லாம் மனதில் இருந்தது. ஆனால் தன் சோபாவையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, தன்னிடம் வேலை செய்கிறவனுக்கு எதிராகப் பேச வைத்த அந்தத் துணிச்சலைப் பார்த்ததும் என் நாக்கு என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது.

"ரொம்ப சரி மச்சான். அப்ப அந்த சோபா முருகேசனுக்கு சொந்தம்னு எழுதிடலாம். டீச்சர் எழுதட்டும், நீங்க தலைவரா கையெழுத்து போட்ருங்க."

மச்சானின் முகத்தில் அக்கா வந்து போனார். கையெழுத்துப் போட்டால் சோபா போகும், வீட்டுக்குள் நுழைய முடியாது. சோபா முருகேசனுடையது இல்லை என்றால் யாருடையது என்று கேள்வி வரும்.

"அவனோடதுன்னு... அப்படி சொல்ல முடியாது மாப்ள."

"அப்ப யாரோடதுங்க?" என்றார் டீச்சர், பேனாவோடு.

இரண்டு பக்கமும் வழியில்லாத இடத்தில் மச்சான் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார். வியாபாரி என்றால் சும்மாவா.

"யாராவது குடுத்திருப்பாங்க டீச்சர். நல்ல மனசுள்ளவங்க யாராச்சும்."

"ஆமா டீச்சர்," என்றேன். "நல்ல மனசுதான். ஒரு சிங்கத்துக்கு மட்டும் காது இல்ல."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எவ்வளவு புரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "உக்கார்ற நாற்காலிகூட அடுத்தவங்க குடுத்துதான் இருக்கணும்ங்கற நெலமையா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா நீங்க?" என்று எங்களைக் கடிந்துகொண்டு, முன்பு எழுதியதை அடித்தார். முருகேசன் குடும்பம் பிறர் உதவியில் வாழும் குடும்பம் என்று எழுதினார். ஹேமலதாவின் பெயர் மேலே போனது. தலைவராக மச்சான்தான் முதல் கையெழுத்துப் போட்டார்.

6

அதன் பிறகு சோபாவைத் திரும்ப எடுக்க முடியவில்லை. தானமாக வந்த சோபாவைத் தலைவர் வீட்டு லாரி எடுத்துக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும். தினேஷ் பணம் கட்டி மலாக்கா டவுனில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். மூன்று கார்களில் ஒன்றில் போய் வருகிறான், அவனுக்கு ஒரு குறையும் இல்லை. புதுச் சோபா வாங்கலாம்தான். ஆனால் வசதி ஏது என்று டீச்சரிடம் சொன்ன வாய் அக்காவுடையது, டீச்சரோ அதற்குப் பிறகு அடிக்கடி கோயிலுக்கு வரத் தொடங்கிவிட்டார். எனவே பிளாஸ்டிக் நாற்காலி. எனக்குக் கொடுத்ததில் ஒரு கால் லேசாக ஆடும். அக்கா தேடி எடுத்துப் போட்டிருக்க வேண்டும்.

இதற்கிடையில் விஷயம் மெல்லக் கசிந்து, அந்த நல்ல மனசுக்காரர் மச்சான்தான் என்று ஊரில் பேச்சு. யாரோ மேடையில் சொல்லிப் பொன்னாடைகூடப் போர்த்திவிட்டார்கள். இப்போதெல்லாம் அவரே அப்படித்தான் நம்புகிறார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது மாப்ள என்று என்னிடமே சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன். சாட்சிக் கையெழுத்து இன்னும் தேவைப்படுகிறது.

தீபாவளியன்று பார்வதியும் முருகேசனும் வந்தார்கள். ஹேமலதா கல்லூரி விடுமுறையில் வந்திருந்தாள், முகத்தில் ஒரு தெளிவு. அக்கா கொஞ்சம் விறைப்பாகத்தான் பலகாரம் வைத்தார். டீச்சரும் அங்கேதான் இருந்தார். பார்வதி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், எங்கள் நாற்காலிகளைப் பார்த்தார், மச்சானின் அருகே போய்த் தயங்கி நின்றார்.

"அண்ணே, எப்ப லோரி அனுப்புறீங்க? இவரு கூட எத்தன வாட்டி கேக்கச் சொல்லிட்டாரு. பொருள் கெட்டுப் போவப் போவுதுன்னு நாங்க கவர்கூட பிரிக்கல."

டீச்சர் முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். மச்சான் பொன்னாடை போர்த்திய நாளில் உட்கார்ந்திருந்த மாதிரி நிமிர்ந்தார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"என்னம்மா இது. குடுத்தது குடுத்ததுதான். அது ஒங்க சோபா."

பார்வதி முருகேசனைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அப்புறம் மச்சானிடம், நிச்சயப்படுத்திக்கொள்கிறவர் போலக் கேட்டார்.

"அப்ப இனிமே நாங்க அதுல உக்காரலாங்களாண்ணே?"